இந்த ஸ்டேஷன் எந்த ஜில்லா, சார்?

வம்பு காலண்டரில்தான் ஆரம்பித்தது.

ஒரகடத்தில் நான் கணக்கெழுதிப் பிழைக்கிற தொழிற்சாலையில் வருடா வருடம் காலண்டர் போடுவார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் எங்கள் கம்பெனி உதிரி பாகங்களின் படம்தான். ஜனவரிக்கு ஒரு பல்சக்கரம். பிப்ரவரிக்கு அதைவிடச் சின்னதாக இன்னொரு பல்சக்கரம். இதை ஊழியர்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் மாட்டுகிறார்கள் என்ற ரகசியம் எப்படியோ மேலிடத்துக்கு எட்டிவிட்டது.

"இந்தத் தடவை வித்தியாசமா பண்ணுவோம். நம்ம மாவட்டத்துப் பழைய ரயில்வே ஸ்டேஷன்கள். மாசத்துக்கு ஒண்ணு. நீங்கதான் ரயில் பைத்தியமாச்சே, லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றார் மேனேஜர்.

பைத்தியம் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெருமையாகவே ஒப்புக்கொண்டேன். இது என்ன பிரமாதம், பத்து நிமிஷ வேலை!

நம்ம மாவட்டம் என்றால் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரகடம் அதில்தான் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூரும் அதில்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்தே ஆரம்பிப்போம் என்று பேனாவை எடுத்தேன். அங்கே ஸ்டேஷனே கிடையாது! ராமானுஜர் அவதரித்த ஊர், காரும் கண்ணாடியும் செல்போனும் செய்து உலகத்துக்கே அனுப்புகிற ஊர். ஆனால் ரயிலேற வேண்டுமானால் திருவள்ளூருக்கோ சிங்கப்பெருமாள் கோயிலுக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடுகிற திட்டம் பல வருடங்களாகக் காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. காகிதத்தை எல்லாம் போட்டோ பிடிக்க முடியாது.

சரி, மற்றவை? செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் பழைய சீவரம், வாலாஜாபாத், நத்தப்பேட்டை, காஞ்சிபுரம் கிழக்கு, காஞ்சிபுரம். அப்புறம்?

அப்புறம் இல்லை. அதைத் தாண்டினால் திருமால்பூர், தக்கோலம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். இந்தப் பக்கம் பாலூர் வந்துவிட்டால் செங்கல்பட்டு மாவட்டம். தாம்பரம், வண்டலூர், சிங்கப்பெருமாள் கோயில் எல்லாமே செங்கல்பட்டுக் கணக்கு. எனக்கு மே மாதத்தோடு வருஷம் முடிந்துபோய்விட்டது.

இதே காலண்டரை 1996-ல் போட்டிருந்தால் பன்னிரண்டு என்ன, பல வருடத்துக்குத் தாங்கும். அப்போது ஒரகடம் இருந்தது செங்கல்பட்டு மாவட்டத்தில். எம்.ஜி.ஆர். பெயரைச் சேர்த்து 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்று பஸ்ஸில்கூட எழுதியிருப்பார்கள், ஞாபகமிருக்கும். திருவள்ளூர் அதில். ஆவடி, அம்பத்தூர் அதில். பல்லாவரம், தாம்பரம், காஞ்சிபுரம், மதுராந்தகம் எல்லாமே அதில். 1997-ல் அதைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2018-ல் சென்னை மாவட்டம் கையை நீட்டி அம்பத்தூரையும் ஆலந்தூரையும் எடுத்துக்கொண்டது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம். அதே சமயம் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை மாவட்டம்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஸ்டேஷன்கள் எல்லாம் தம்பிகள் பக்கம் போய்விட்டன. மூத்தவருக்குக் கோயிலும் பட்டுப்புடவையும் ஐந்து ஸ்டேஷனும்.

மத்தியானம் காண்டீனில் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் மேஜையே ஒரு சின்ன சட்டசபை. நான் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வருகிறவன், செங்கல்பட்டு மாவட்டம். டெஸ்பாட்ச் பிரிவு நண்பருக்கு அரக்கோணம், ராணிப்பேட்டை மாவட்டம். குவாலிட்டி பிரிவு நண்பருக்குத் திருத்தணி. கம்பெனி பஸ்ஸுக்காகத் திருவள்ளூர் வந்து ஏறுகிறார். நாங்கள் மூவரும் தினம் காலையில் ஒரு மாவட்ட எல்லையைத் தாண்டித்தான் பஞ்ச் வைக்கிறோம்.

"இதுல என்ன சார் குழப்பம்? ஸ்டேஷன் கட்டினப்போ எந்த ஜில்லாவோ அந்த ஜில்லாவுல சேர்த்துடுங்க. பழைய ஸ்டேஷனுக்குப் பழைய ஜில்லா!" என்றார் அரக்கோணம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. அதை 'ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு 1856-ல் ரயில் வந்தது' என்று எழுதினால் எப்படி இருக்கும்? அந்த மாவட்டத்துக்கு இன்னும் பத்து வயதுகூட ஆகவில்லை. 'வட ஆற்காடு ஜில்லாவுக்கு ரயில் வந்தது' என்றால்தான் சரி. பழைய புத்தகங்களில் 'ஆற்காடு வரை' என்றே இருக்கும். நவாபுக்குப் பேர்போன ஊருக்குப் பாதை போடுகிறோம் என்கிற கணக்கு வெள்ளைக்காரனுக்கு. இதைப் புரிந்துகொள்ள இன்றைய மாவட்ட வரைபடம் உதவாது.

ஆனால் இந்தக் கட்சியிலும் ஒரு வில்லங்கம். கட்டின காலத்துக் கணக்குப்படி சைதாப்பேட்டை ஸ்டேஷனைச் செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்க்க வேண்டும்! சிரிக்காதீர்கள். சைதாப்பேட்டை செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது மட்டுமல்ல, அதன் தலைநகரமே அதுதான். 1859-லிருந்து 1968 வரை செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் கச்சேரி நடத்தியது சைதாப்பேட்டையில். செங்கல்பட்டுக்காரர் தன் ஜில்லா கலெக்டரிடம் மனு கொடுக்க ரயிலேறி சைதாப்பேட்டைக்கு வரவேண்டும். 1946-ல் சைதாப்பேட்டை சென்னை நகர எல்லைக்குள் வந்த பிறகும் கலெக்டர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். வீட்டைக் காலி பண்ணிய பிறகும் திண்ணையை விடாத குடித்தனக்காரர் மாதிரி! 1968-ல் தலைநகரம் காஞ்சிபுரத்துக்குப் போனது. ஜில்லாவின் பெயர் மட்டும் அப்போதும் செங்கல்பட்டுதான். ஒரு வழியாக 2019-ல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குச் செங்கல்பட்டே தலைநகரமானது.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பெயர் மாறினால்கூடப் பரவாயில்லை, உஷாராகிவிடுவோம். ஒரே பெயர், வேறு வேறு நிலம் என்றால்? 'செங்கல்பட்டு ஜில்லா, காஞ்சிபுரம் ஸ்டேஷன்' என்று ஒரு பழைய காகிதத்தில் பார்க்கிற பையன், இன்றைய செங்கல்பட்டு மாவட்டப் பட்டியலில் காஞ்சிபுரத்தைத் தேடுவான். கிடைக்காது. 'எழுதினவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு' என்பான். எழுதினவர் சரியாகத்தான் எழுதினார். அவருடைய செங்கல்பட்டு வேறு, இவனுடைய செங்கல்பட்டு வேறு.

"அப்போ இன்னிக்கு இருக்கற மாவட்டப்படியே போட்டுடலாமே? போட்டோ எடுக்கப் போறவனுக்கு வழி தெரிய வேண்டாமா?" என்றார் மேனேஜர், மோர்க் குழம்பை ஊற்றிக்கொண்டே. அதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்டேஷன் ரோட்டில் குழி என்று மனு கொடுக்க வேண்டுமானால் வட ஆற்காடு கலெக்டரைத் தேடிக்கொண்டு போக முடியாது. அந்தப் பதவியே இல்லை.

ரயில்வேயைக் கேட்டால்? அது இந்தச் சண்டைக்கே வராது. அதற்குத் தெரிந்த எல்லை கோட்டம், மண்டலம், அதற்கு முன்னால் கம்பெனி. காஞ்சிபுரத்துக்கு முதலில் ரயில் வந்தது 1865-ல், அரக்கோணத்திலிருந்து. போட்டது 'இந்தியன் டிராம்வே கம்பெனி'. மூன்றரை அடி அகலத்தில் குட்டிப் பாதை. 1878-ல் மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். அதாவது செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த காஞ்சிக்கு இரும்புப் பாதையில் முதல் உறவு வட ஆற்காட்டு அரக்கோணத்தோடுதான். அதற்குப் பிறகுதான் சொந்த ஜில்லாவின் பெயர்கொண்ட செங்கல்பட்டோடு இணைப்பு. தண்டவாளம் போட்டவன் பார்த்தது எங்கே சரக்கு இருக்கிறது, எங்கே பெரிய பாதை ஓடுகிறது என்பதை. கலெக்டர் எல்லைக்கல்லை அவன் பார்க்கவில்லை.

இன்னொன்று. ரயில்வே ஒரு ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் குறுக்கெழுத்து லேசில் மாறாது. காஞ்சிபுரத்துக்கு இன்றைக்கும் 'சி.ஜே.'தான்; வெள்ளைக்காரன் வாயில் காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்' ஆனதன் மிச்சம். செங்கல்பட்டுக்கு 'சி.ஜி.எல்.', சிங்கிள்புட்! வாலாஜாபாத்துக்கு 'டபிள்யூ.ஜே.', வாலாஜா ரோடுக்கு அதோடு ஒரு 'ஆர்' சேர்த்து 'டபிள்யூ.ஜே.ஆர்.'. டிக்கெட் எடுக்கும்போது இந்த ஒற்றை 'ஆர்' விஷயத்தில் ஜாக்கிரதை. இரண்டு ஊருக்குமே பெயர் கொடுத்தவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. ஒன்று காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, இன்னொன்று மேற்கே. ஜில்லா பெயரைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் எந்த வாலாஜா என்று தெரியாது. பழைய கணக்கில் செங்கல்பட்டு ஜில்லா வாலாஜா, வட ஆற்காடு வாலாஜா. புதுக் கணக்கில் காஞ்சிபுரம், ராணிப்பேட்டை. ஏதோ ஒரு கணக்கு வேண்டித்தான் இருக்கிறது.

(அந்த வாலாஜாபாத் ஸ்டேஷனை வேலை மெனக்கெட்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள். நம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளின் புத்தம் புது கார்கள் அங்கேதான் வரிசை கட்டி சரக்கு ரயிலில் ஏறுகின்றன. டிராம்வேயில் ஆரம்பித்த பாதையில் கார் போகிறது. காரில் போகவேண்டியவர்கள் ரயிலிலும், ரயிலில் போகும் காரும்... என்னவோ போங்கள்.)

இதுவரை நான் சொன்னதெல்லாம் காலண்டர் சண்டை. திருத்தணி நண்பர் மட்டும் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"உங்களுக்கு இது காலண்டர் சார். எனக்கு வீட்டுக் கடன்" என்றார்.

விஷயம் இதுதான். திருத்தணி ஸ்டேஷனுக்குப் போகிற பாட்டைக்குத் தெற்கே அவருடைய தாத்தா 1955-ல் ஒரு மனை வாங்கியிருக்கிறார். அதில் இருக்கும் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட நண்பர் ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தார். தாய்ப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தார். தெலுங்குப் பத்திரம். அதில் 'ஆந்திர ராஷ்டிரம், சித்தூர் ஜில்லா, திருத்தணி' என்று இருக்கிறது. வங்கியின் வக்கீல் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "இது வெளி மாநிலச் சொத்து மாதிரி இருக்கே? உங்க சொத்து திருவள்ளூர் மாவட்டம்னு மனுவுல எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதானான்னு நிரூபிங்க" என்று ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"சொத்து நகரலை சார், ஜில்லாதான் நகர்ந்துது. இதை எப்படி நிரூபிக்கறது?"

எனக்குள் இருந்த ரயில் பைத்தியம் முழித்துக்கொண்டது. அன்று ராத்திரி உட்கார்ந்து திருத்தணி ஸ்டேஷனுக்கு ஒரு ஜாதகம் எழுதினேன். எழுத எழுத எனக்கே ஆச்சரியம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகிற பாதையில் அந்த ஸ்டேஷன் வந்தபோது திருத்தணி வட ஆற்காடு ஜில்லா. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டுகளை எடுத்துச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினார்கள். திருத்தணி அதில் போனது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போயிற்று. நண்பரின் தாத்தா மனை வாங்கியது இந்தக் கட்டத்தில்.

அப்புறம் ம.பொ.சி. முன்நின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம். படாஸ்கர் நடுநிலை வகித்துச் சொன்ன யோசனை. 1959-ல் பார்லிமெண்டில் எல்லை மாற்றச் சட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. (முட்டாள்கள் தினம் என்று நினைக்காதீர்கள். சர்க்காருக்கு அன்றுதான் புதுக் கணக்கு.) பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் அந்தக் கைக்குப் போனது. திரும்பி வந்த திருத்தணியைப் பழைய வட ஆற்காட்டிலா வைத்தார்கள்? இல்லை, செங்கல்பட்டு ஜில்லாவில். 1997-க்குப் பிறகு திருவள்ளூர் மாவட்டம்.

ஆக, பிளாட்பாரம் ஓரடி நகரவில்லை. பழனி போல, திருச்செந்தூர் போல முருகன் ஊர். மலை அங்கேயே, ஸ்டேஷனும் அங்கேயே. ஆனால் ஜில்லா நான்கு, ராஜ்யம் இரண்டு!

இதைப் பார்த்த பிறகுதான் காண்டீன் கட்சிகள் இரண்டுமே தப்பு என்று எனக்கு உறைத்தது. கட்டின நாள் கணக்கில் திருத்தணி ஸ்டேஷனை 'வட ஆற்காடு' என்று போடுவோம். இன்றைய கணக்கில் 'திருவள்ளூர்' என்று போடுவோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டால்கூட, நடுவிலே சித்தூர் ஜில்லாவில் இருந்த நாற்பத்தொன்பது வருடம் எங்கே போச்சு? அந்த ஊருக்காக ஜனங்கள் ஜெயிலுக்குப் போனது, நண்பரின் தாத்தா மனை வாங்கினது எல்லாம் அந்த நடு வருடங்களில்தான். முதலையும் கடைசியையும் மட்டும் வைத்துப் பட்டியல் போடுகிறவன் கையில் அது சிக்கவே சிக்காது.

செங்கோட்டைக்கும் இதே கதை. 1904-ல் மலையைக் குடைந்து கொல்லம் போகிற ரயில் ஓட ஆரம்பித்தபோது அந்த ஊர் திருவிதாங்கூர் மகாராஜா ராஜ்யம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்ப் பக்கம் வந்து திருநெல்வேலி ஜில்லா. 2019-லிருந்து தென்காசி மாவட்டம். அந்த ஸ்டேஷனைப் பற்றிய பழைய காகிதம் வேண்டும் என்று தென்காசியில் மட்டும் தேடினால் கிடைக்குமா? திருவனந்தபுரத்தில் தேட வேண்டும் என்று பட்டியல்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில்தான் இந்தக் கூத்து என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். ரயிலைக் கண்டுபிடித்தவன் ஊரிலும் உண்டு. இங்கிலாந்தில் பழைய ஸ்டேஷன்களைப் பட்டியல் போடுவதை ஒரு தவமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பாரோ இன் ஃபர்னஸ் என்று கப்பல் கட்டுகிற ஊர். நூற்றாண்டுக் கணக்கில் லங்காஷயர். 1974 ஏப்ரல் 1 (அங்கேயும் ஏப்ரல் 1!) முதல் கம்ப்ரியா. 2023 ஏப்ரல் 1 முதல் வெஸ்ட்மர்லண்ட் அண்ட் ஃபர்னஸ் என்ற புது நிர்வாகம். அந்த ஊர் ஸ்டேஷனை எந்தத் தலைப்பில் போடுவது என்று இரண்டு கிழவர்கள் சண்டை போட்டால் பஞ்சாயத்துக்கு நம் காண்டீன் மேஜையை அனுப்பலாம்.

மறுநாள் நண்பரிடம் ஜாதகத்தைக் கொடுத்தேன். "இதை வக்கீல் ஒத்துக்கணுமே? நீங்க யாருன்னு கேப்பாரே?" என்றார். வாஸ்தவம். நான் யார், பல்சக்கரக் கம்பெனி குமாஸ்தா. அதனால் 1959-ம் வருடத்துச் சட்டத்தின் நகல் ஒன்றை எடுத்தோம். அது பார்லிமெண்ட் கொடுத்த சர்டிபிகேட். அதோடு வாதாட முடியாது. 1960-க்குப் பிறகு அதே சர்வே எண்ணுக்கு வந்த வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வரி ரசீதுகளை வருட வரிசையில் அடுக்கினோம். பத்திரத்தில் எழுதியிருந்த எல்லைகளை எடுத்து, இன்றைய வரைபடத்தில் ஸ்டேஷனைச் சுழித்து, 'பத்திரத்தில் சொல்லும் ஸ்டேஷன் இதுதான், பாட்டை இதுதான், மனை இதுதான்' என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தோம். ஜில்லா பெயர்கள் தலைகீழாக ஆடினபோது, ஆடாமல் சாட்சி சொன்னது அந்த ஸ்டேஷன் ஒன்றுதான்.

காலண்டரையும் அதே முறையில் முடித்தேன். தலைப்பு 'பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஸ்டேஷன்கள்'. படத்துக்குக் கீழே ஸ்டேஷன் பெயர். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் எந்த வருடத்திலிருந்து எந்த ஜில்லா என்று ஒரே வரி. அம்பத்தூர்: செங்கல்பட்டு, 1997 முதல் திருவள்ளூர், 2018 முதல் சென்னை. பரங்கிமலை: செங்கல்பட்டு, 1997 முதல் காஞ்சிபுரம், 2018 முதல் சென்னை. இப்படியே. ஏப்ரல் மாதத்தைத் திருத்தணிக்கு ஒதுக்கினேன். அதற்கு மட்டும் இரண்டு வரி பிடித்தது. 'இது காலண்டரா, வம்சாவளியா?' என்றார் மேனேஜர். ஆனாலும் அச்சுக்குப் போய்விட்டது.

அரக்கோணம் நண்பர்தான் நாலு நாள் பேசவில்லை. அரக்கோணம் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்ததே இல்லையே, நான் என்ன செய்வேன்? அடுத்த வருடம் வட ஆற்காடு காலண்டர் போடலாம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் திருத்தணி நண்பர் ஒரு கவரோடு ஓடி வந்தார். கடன் சாங்ஷன்! மூன்று மாத இழுபறிக்குப் பிறகு வக்கீல் ஒத்துக்கொண்டாராம். கடிதத்தை வாங்கிப் படித்தேன். தொகை சரி. வட்டி கொஞ்சம் கூட. சொத்தின் விலாசத்துக்கு வந்தபோது என் கண்ணை நானே நம்பவில்லை. 'திருத்தணி, காஞ்சிபுரம் மாவட்டம்' என்று அச்சடித்திருந்தது.

"திருத்தச் சொல்லிடட்டுமா சார்?" என்றார் நண்பர்.

"முதல்ல பணத்தைக் கணக்குல வாங்குங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.